மூன்று நாள் பழைய பதில்

ஒரு பஸ் கம்பெனியின் இணையப் பக்கத்தை அனுப்பிவைக்கும் சர்வருக்கு அன்று சாயங்காலத்தோடு சீட்டுக் கிழிய இருந்தது. அந்தப் பக்கம் பழைய பஸ் நேரத்தையே காட்டியதால் ஜனங்கள் பஸ்ஸைத் தவறவிட்டார்கள்.

"பெரியவரே, உமக்குப் புத்தி மழுங்கிப்போச்சு" என்றது பக்கத்தை வாங்கி ஜனங்களுக்குக் காட்டும் பிரவுசர்.

சர்வர் தன் அட்டவணையை விரித்துக் காட்டியது. "புது நேரத்தைத்தான் வெச்சிருக்கேன். மூணு நாளா ஒருத்தரும் வந்து கேட்கலையே!"

பிரவுசருக்கு அப்போதுதான், பதிலின் தலையில் ஒட்டி வந்த ஹெடரைப் படிக்கத் தோன்றியது. "பதிலின் வயது மூன்று நாள். எடுத்துக் கொடுத்தது கேஷ்" என்றிருந்தது.

நடுவழியில் பழைய பதில்களைச் சேர்த்துவைத்துக் கொடுக்கும் கேஷ் நெளிந்தது. "ஐயாவுக்கு எதுக்குத் தொந்தரவுன்னு நானே சொல்லி அனுப்பிட்டேன்."

"அப்ப நான் வாங்கின திட்டெல்லாம்?" என்றது சர்வர்.

"அதுல ஒண்ணைக்கூட நான் தொடலை, ஐயா. சுடச்சுட உங்களுக்கே அனுப்பிட்டேன்."