படகோட்டிக்கு விழுந்த எண்

கழுதை வயசானதுங்ககூட இப்பெல்லாம் பகடை உருட்டிக் கதை விளையாடுதுங்க என்று கிழவர் கடுகடுத்தார். செத்துப்போன மகன் இந்தக் கதை விளையாட்டை நடத்தியபோது, இருபது முகப் பகடையை எல்லார் கண்ணெதிரேயும் உருட்டுவான். விழுந்த எண்தான் தீர்ப்பு: பெரிய எண் என்றால் கதையில் வருபவர் பிழைப்பார், ஒன்று என்றால் சாவு. மருமகளோ அட்டை மறைப்புக்குப் பின்னால் உருட்டி, எண்ணை மாற்றிச் சொல்லிக் கதையில் வரும் எல்லாரையும் காப்பாற்றிவிடுவாள்.

இன்று, மகன் உருவாக்கித் தன் குரலிலேயே பேசவைத்த படகோட்டி, கதையில் வெள்ளத்தில் சிக்கினான். மருமகள் உருட்டினாள். பகடையில் ஒன்று என்ற எண் விழுந்ததைப் பக்கத்திலிருந்த கிழவர் பார்த்தார்.

“பதினெட்டு! படகோட்டி பிழைச்சுட்டார்,” என்றாள்.

மறைப்பு சாய்ந்தது. பகடை தானாக உருண்டு வந்து, மேஜை நடுவில் ஒன்றைக் காட்டி நின்றது.

“மாமா, நீங்க தட்டினீங்களா?”

“காத்தா இருக்கும்மா.”

ஜன்னல் சாத்தியிருந்தது. கிழவர் எழுந்து மகனுடைய காலி நாற்காலியை முறைத்தார். “அவ சொன்னதே இருக்கட்டும்டா,” என்று அதட்டிவிட்டு, காத்துதான், காத்துதான் என்று முனகிக்கொண்டே வெளியே நடந்தார்.