சின்னப் புள்ளிகள்

"போச்சு! ஆறு குடுவையும் போச்சு!"

ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து ஐந்து மாதமே ஆன 'புதுசு' தலையில் கை வைத்துக்கொண்டாள். தட்டில் முளைத்த பாக்டீரியாப் புள்ளிகளை எடுத்து நேற்று போட்டு வைத்த குடுவைகள் இந்நேரம் மோர் மாதிரி கலங்கியிருக்க வேண்டும். ஆறும் குடிதண்ணீராகத் தெளிந்து நின்றன.

'தபால்பெட்டி' அக்கா எட்டிப் பார்த்தார். பதினெட்டு வருட அனுபவம். யார் அறிக்கை எழுதினாலும் அதை வாங்கிக்கொண்டு இயக்குநர் அறைக்குள் அவர் ஒருவர்தான் போவார். பட்டப்பெயர் வந்தது அப்படித்தான்.

"தட்டுல எந்தப் புள்ளியை எடுத்தே?"

"இந்தச் சின்னச் சின்னதைத்தான்க்கா. தனித்தனியா, எடுக்கச் சுலபமா இருந்துச்சு."

"தட்டு எத்தனை நாள் சூட்டுப்பெட்டியில இருந்துச்சு?"

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் வெச்சேன். நேத்து, செவ்வாய்க்கிழமைதான் வெளியே..." சொல்லும்போதே அவளுக்கு உறைத்துவிட்டது.

புரதம் செய்யும் குறிப்பு, ஆன்டிபயாடிக் மருந்தை உடைக்கும் குறிப்பு இரண்டும் பிளாஸ்மிட் என்ற குட்டி வளையத்தில் இருக்கின்றன. வளையம் உள்ளே போன பாக்டீரியாதான் மருந்து தடவிய தட்டில் பெரிய புள்ளியாக வளரும். அதோடு நிற்காமல், தன்னைச் சுற்றியிருக்கும் மருந்தையும் உடைத்துத் தீர்த்துவிடும். நாலு நாள் மறந்து விட்டால், வளையமே இல்லாத சோப்ளாங்கிகளும் அந்தப் பெரிசின் தயவில் சின்னப் புள்ளிகளாக முளைத்து, தாங்களும் பெரிய ஆள் போல நிற்கும். குடுவையில் இருக்கும் புது மருந்தில் போட்டால் ஆள் காலி!

ஒரு வார வேலை வீண். இந்த மாதத்தோடு புதுசின் ஒப்பந்தம் முடிகிறது. நீட்டிப்பதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று இயக்குநர் இன்றைக்குத்தான் முடிவு செய்கிறார்.

"அக்கா, நானே சார்கிட்ட போய்ச் சொல்லிடறேனே?"

"வேண்டாம். நடந்ததை அறிக்கையா எழுதிக் குடு."

எழுதி முடித்ததும் வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டார்.

பக்கத்து மேஜைக்காரன் நாற்காலியோடு உருண்டு வந்தான்.

"முடிஞ்சுது உன் கதை. மூணு வருஷமா பார்க்கறேன், ஒருத்தரையும் உள்ளே விட மாட்டாங்க. நம்ம வேலையைத் திரும்ப டைப் அடிச்சு, அவங்க பேரைப் போட்டுக் குடுப்பாங்க. ஃபைல்ல நானே பார்த்தேன்."

"நிஜமாவா?"

"ஆனா இன்னிக்கு நடந்தது தப்பாச்சே. பாரு, உன் பேரு கொட்டை எழுத்துல இருக்கும். அவங்களுக்குப் பதவி உயர்வு வர்ற நேரம். விடுவாங்களா?"

புதுசுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊருக்குப் பணம் அனுப்பினால்தான் தம்பிக்குப் படிப்பு. என் வயிற்றில் அடிக்க இவர் யார்? நடந்ததை நடந்தபடி நானே சொல்லிக்கொள்கிறேன்.

எழுந்தாள். தாழ்வாரத்தைக் கடந்து இயக்குநர் அறைக் கதவின் கைப்பிடியைப் பிடித்தாள்.

உள்ளே இயக்குநர் கத்திக்கொண்டிருந்தார்.

"போன மாசம் மருந்து ஊத்த மறந்தீங்க. அதுக்கு முன்னால நொதிப் பெட்டியை ஃப்ரீஸருக்கு வெளியே வெச்சுக் கெடுத்தீங்க. இப்போ சின்னப் புள்ளியை எடுத்துட்டேன்னு வந்து நிக்கறீங்க. நான் எந்த முகத்தோட உங்க பேரைப் பதவி உயர்வுக்கு அனுப்பறது?"

புதுசின் கை கைப்பிடியிலேயே நின்றுவிட்டது. போன மாதம் மறந்தது அவள். பெட்டியை வெளியே வைத்ததும் அவள்தான்.

"புதுசா வந்த பொண்ணைப் பார்த்துக் கத்துக்கோங்கம்மா! அஞ்சு மாசத்துல ஒரு தப்பு பண்ணியிருக்காளா?"

"இல்ல சார்," என்றார் அக்கா. "அவளை மட்டும் அனுப்பிடாதீங்க."