சுபத்ரா பார்த்த டொரன்டோ

"சீனாக்காரங்க தெருவுலேந்து ஆரம்பிம்மா," என்றார் விருத்தாம்பாள். "எங்க ஏறி எங்க எறங்கணும், அதையும் சேத்து சொல்லு."

சுபத்ரா தறியை நிறுத்தினாள்.

சேவூரில் அவள் தெருவுக்கே மனப்பாடமான கதை அது. டொரன்டோவிலிருந்து திரும்பியதிலிருந்து பல முறை சொல்லிவிட்டாள். ஆனால் இன்று கேட்பவர் புதிது, போளூர்க்காரர். ஆரணி பஸ் நிலையத்தில் போளூர் பஸ்ஸுக்குக் காத்திருந்தவரிடம், பக்கத்து வீட்டுச் செல்லியம்மாள் பேச்சுவாக்கில் சுபத்ராவின் வெளிநாட்டுப் பயணத்தைச் சொல்லியிருக்கிறாள். அவர் தன் பஸ்ஸை விட்டுவிட்டு, டவுன் பஸ்ஸில் அவளோடு சேவூருக்கே வந்துவிட்டார்.

"இவங்க பொண்ணும் அந்த ஊர்லதான் கீது," என்றாள் செல்லியம்மாள். "வெவரம் கேக்கணுமாம். ஜல்தியா சொல்லுடி, அவங்க ஊரு திரும்பணும்."

சுபத்ரா சொன்னாள். சிவப்பு டிராம். சீனர் தெருவில் கண்ணாடிக்குப் பின்னால் தொங்கும் சுட்ட வாத்துகள். நீலமும் வெள்ளையுமாகக் கொடி கட்டிய கிரேக்கர் தெரு. முருங்கைக்காயும் வாழைப்பூவும் விற்கும் இலங்கைத் தமிழர் கடைகள். ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்குத் திரும்பினால் வேறு தேசம், வேறு பாஷை. எங்கும் தடுமாறாமல் சொன்னாள்.

அந்தத் தெருக்களில் ஒன்றில்கூட அவள் கால் வைத்ததில்லை.

அம்மா இல்லாததால் தங்கை இனியாவின் பிரசவத்துக்கு அக்காதான் போக வேண்டியிருந்தது. தெருவே வந்து வண்டி ஏற்றியது. செல்லியம்மாள் தன் வீட்டுக்காரரின் ஸ்வெட்டரைக் கொடுத்து அனுப்பினாள். அது ஒரு நாளும் பையைவிட்டு வெளியே வரவில்லை. குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு சுபத்ரா அந்த ஊரைத் தங்கை வீட்டு டிவியில்தான் பார்த்தாள். யாரோ ஒருவன் கேமராவோடு தெருத்தெருவாக நடந்துகொண்டே இருப்பான். அந்த வீடியோ ஓடினால் குழந்தை அழாது.

"சீனாக்காரங்க தெருவுல இன்னா வாசன அடிக்கும்?" என்று கேட்டார் விருத்தாம்பாள்.

டிவியில் வாசனை வருவதில்லை.

"பூண்டு வதக்குற வாசனதான்," என்றாள் சுபத்ரா.

விருத்தாம்பாளின் உதடுகள் மெல்ல அசைந்தன. "கூட யாரு வந்தாங்க?"

"என் தங்கச்சி. கூட்டத்துல என் கையப் புடிச்சிகினுதான் நடப்பா."

வாசனையைச் சொல்லக் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. இதற்கு யோசிக்கவே இல்லை.

இத்தாலிக்காரர்கள் தெருவுக்கு வந்தாள். கடைக்கு வெளியே மரத்தடியில் மேசை நாற்காலி போட்டிருப்பார்கள், கையில்லாத சட்டையோடு உட்கார்ந்து ராத்திரி வரை சாப்பிடுவார்கள் என்றாள்.

"நீ எந்த மாசம்மா போன?"

"ஐப்பசி. பங்குனியில வந்தேன்."

"அத்தினி மாசமும் பனியாச்சே," என்றார் விருத்தாம்பாள் தணிந்த குரலில். "அந்தக் குளுருல வெளிய உக்காந்து சாப்புடுவாங்களா?"

செல்லியம்மாள் சிரித்துவிட்டாள். "அதானே. மூஞ்சே வெறச்சிப் பூடும்னு நீதானடி சொன்ன. கையில்லாத சட்டையப் போட்டுகினு எவ உக்காந்தா?"

சுபத்ராவின் உள்ளங்கை வேர்த்தது. தறியில் கட்டியிருந்த பட்டில் ஈரம் படாமல் கையை எடுத்துப் புடவையில் துடைத்தாள். "வெய்யில் அடிச்ச அன்னிக்கு," என்றாள். அவள் காதுக்கே அது சரியாகக் கேட்கவில்லை.

செல்லியம்மாள் இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தாள். அதற்குள் தெருக்குழாயில் தண்ணீர் வந்துவிட்டதாக யாரோ கத்தினார்கள். அவள் குடத்தைத் தேடிக்கொண்டு ஓடினாள்.

வீட்டில் இருவர் மட்டும் இருந்தார்கள். விருத்தாம்பாள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த அம்மாள் மகளைப் பார்க்கப் போவார். கண்ணால் பார்த்துவிட்டு வருவார். ஒரு வார்த்தை செல்லியம்மாளுக்கு எட்டினால் போதும், தெரு முழுக்கத் தெரிந்துவிடும். ஸ்வெட்டர் கொடுத்தவளிடமே பொய் சொன்னவள் என்பார்கள். அதைவிட, எதற்காகப் பொய் சொன்னாள் என்று கேட்பார்கள்.

"நான் எங்கியும் போவலம்மா," என்றாள் சுபத்ரா. "எல்லாம் டிவியில பாத்ததுதான்."

சுபத்ரா தறியில் அறுந்திருந்த ஓர் இழையைத் தேடி எடுத்தாள்.

"வெளிய போலாமான்னு முதல்ல கேட்டுகினு இருந்தேன். கொழந்தைய யாரு பாத்துப்பாங்கன்னு தங்கச்சி சொல்லிடுவா. அப்புறம் நானும் கேக்கல. ஒரு நாளு அவ சிநேகிதிங்க வூட்டுக்கு வந்தாங்க. நான் டீ கொண்டாந்து வெச்சேன். இவ்ளோ நல்ல ஆளு எங்க கெடச்சாங்க, சம்பளம் எவ்ளோன்னு என்னக் காட்டிக் கேட்டாங்க."

இழையை முடிந்துவிட்டுத் தொடர்ந்தாள்.

"இனியா சிரிச்சிகினா. எங்க அக்கான்னு சொல்லுவான்னு நின்னேன். சொல்லல. டீ டம்ளர எடுத்துகினு உள்ள பூட்டேன். இத இங்க வந்து எந்த வாயால சொல்றது? அதான் அவ தெருத்தெருவா சுத்திக் காட்டுனான்னு சொல்லிட்டேன். நீங்க போய்ப் பாத்தாலும் செல்லியம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

விருத்தாம்பாள் எழுந்து வாசல்வரை போனார். குழாயடியில் செல்லியம்மாளின் குரல் கேட்டது. கதவை லேசாகச் சாத்திவிட்டு வந்து, முன்னைவிட நெருங்கி உட்கார்ந்தார்.

"நான் போயிட்டு வந்து ஒரு மாசம் ஆவுதும்மா, உன்ன மாரியே உள்ளயேதான் கெடந்தேன்," என்றார். "போளூர்ல எல்லாரும் கேட்டுகினே கீறாங்க. மொதல்லேந்து இன்னொரு தபா, மெதுவா சொல்லு."