கடிபடாத முறுக்கு

அம்மா சுடும் முறுக்கை எங்கள் வீட்டில் ஒருவராலும் கடிக்க முடியாது. ராணுவ ஆஸ்பத்திரியில் தாடை ஆபரேஷன் செய்யும் அப்பா மட்டும், லீவு முடிந்து கிளம்பும்போது டின் நிறையக் கேட்டு வாங்கிப்போவார். வழியில் ரயிலிலிருந்து கொட்டிவிடுவார் என்றே அம்மா நினைத்திருந்தாள்.

அப்பாவின் பதினாறாம் நாள், துக்கம் கழிய அடுப்பில் எண்ணெய்ச்சட்டி வைத்தபோது, தழும்பேறிய கன்னத்தோடு ஒருவர் வந்தார்.

"குண்டு பட்டு நொறுங்கின தாடைம்மா. ஐயாதான் ஒட்டவெச்சார். 'என் சம்சாரம் சுட்ட முறுக்கைக் கடிச்சுக் காட்டு, ஊருக்கு அனுப்பறேன்'னார். வார்டுல எல்லாருக்கும் அதான் பரீட்சை."

"அப்ப கொட்டலையா?" அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழுந்துபோய் மாவு பிசைந்தாள்.

"வெண்ணெய் போட்டா பொரபொரன்னு வரும் அண்ணி," என்று அத்தை கிண்ணத்தை நீட்டினாள்.

"வேண்டாம்," என்றாள் அம்மா.