வாதி கேட்ட வாய்தா

மூன்றாவது முறையும் கூப்பிட்டார்கள்.

"பிரதிவாதி தளவாய்!"

அவள் வாசல் பக்கம் திரும்பவில்லை.

தளவாய் அவளுடைய தம்பி. அப்பாவின் நிலத்தில் பங்கு கேட்டு அவள் போட்ட வழக்கு இது. பதினான்கு வருடம் ஆகிவிட்டது.

ஒவ்வொரு தடவையும் அவன் தரப்பில் எழுந்து கேட்பது ஒரே சொல்தான். வாய்தா.

முதல் வருடம் அவளுக்கு அதன் அர்த்தம் தெரியாது. தள்ளிவைக்கிறது என்று வக்கீல் சொன்னார். பிறகு வீட்டில் அவளே அதைப் புழங்க ஆரம்பித்தாள். மகள் தலைவாரிக்கொள்ளச் சோம்பினால், "என்னடி, ஒங்க மாமன் மாதிரி வாய்தா வாங்குத?"

கசந்து கசந்து சொன்ன சொல்.

ஆனால் இரு வீட்டுக்கும் போக்குவரத்து நின்றுபோன பிறகு, தம்பியை அவள் பார்த்தது வாய்தா நாட்களில் மட்டும்தான். ஒரு வாய்தாவில் நரைத்திருந்தான். இன்னொன்றில் கண்ணாடி போட்டிருந்தான். போன ஆவணியில் கைத்தடி ஊன்றி வந்தான்.

இனி வாய்தா கிடையாது என்று நீதிபதி அன்றைக்கே சொல்லிவிட்டார். அவன் வக்கீலும் விலகிக்கொண்டார்.

இன்று அவன் நிற்கும் இடம் காலி.

"ஆள் வரலம்மா. இன்னைக்கே நமக்குச் சாதகமா முடிஞ்சிரும்." அவளுடைய வக்கீல் குனிந்து சொன்னார். முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி.

அவருக்குத் தெரியாது.

காலையில் பஸ்ஸில் வரும்போது தம்பி மகள் போனில் பேசினாள். இத்தனை வருடத்தில் முதல் தடவை.

"அத்தை, அப்பா ஐசியூல இருக்காவ. யாருக்கெல்லாம் சொல்லணுமோ சொல்லிருங்கன்னுட்டாரு டாக்டர்."

அவள் எழுந்தாள். வக்கீல் கையமர்த்தினார். அவள் உட்காரவில்லை.

"அய்யா, எனக்கு வாய்தா வேணும்."

நீதிபதி நிமிர்ந்தார். "நீங்க வாதிம்மா. நீங்க எதுக்குக் கேக்கறீங்க?"

"என் தம்பி ஆஸ்பத்திரியில கெடக்கான்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"எத்தனை நாள் வேணும்?"

அவள் விரலை மடக்கினாள். எண்ணத் தெரியாதவள்போல் மறுபடி நீட்டினாள்.

"எம்புட்டு தூரம் தள்ள முடியுமோ, அம்புட்டு தூரம் தள்ளிப் போடுங்கய்யா."

நீதிபதி நாட்காட்டியை எடுத்தார். தாளைத் திருப்பினார்.

ஒரு தாளோடு அவர் கை நிற்கவில்லை.