மனுவில் ஒரு வரி

கர்னல் மூன்றாவது முறையாகக் கேட்டார். மனைவியின் இறப்புச் சான்றிதழ் எங்கே?

இந்தியில்தான் கேட்டார்.

அவனுக்கு இந்தி நன்றாகவே தெரியும். ஆறு வருஷம் பட்டாளத்தில் திட்டு வாங்கிய மொழி. பக்கத்து நாற்காலியில் இருந்த மகள் சுகப்பிரியாவுக்கு ஒரு சொல்லும் தெரியாது. அவள் படித்ததெல்லாம் திருப்பத்தூரில்.

அந்த மட்டும் நல்லது என்று நினைத்துக்கொண்டான்.

மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் கர்னல். இரு பக்கமும் இருந்த மேஜர்கள் அவர் சிரித்தால் சிரித்தார்கள், முறைத்தால் முறைத்தார்கள். எதிரே அவனுடைய பழைய கோப்பு கிடந்தது. பத்தொன்பது வருஷமாக அதில் ஒரே முடிவுதான்.

ஒழுங்கீனத்தால் நீக்கம்.

அதை மாற்றித் தரச் சொல்லிக் கேட்கத்தான் வந்திருந்தான். குடும்பச் சூழ்நிலையால் விடுவிப்பு என்று எழுதித் தந்தால் போதும். நர்சிங் கல்லூரியில் முன்னாள் ராணுவத்தினர் பிள்ளைகளுக்கென்று இருக்கும் இடம் சுகப்பிரியாவுக்குக் கிடைத்துவிடும். வெள்ளிக்கிழமைக்குள் காகிதம் வேண்டும். இன்று புதன்.

தனக்காக என்றால் இந்த வாசலை மிதித்திருக்க மாட்டான்.

கர்னல் கோப்பைப் புரட்டினார். மூன்று தந்திகளை எடுத்து வரிசையாக மேசைமேல் வைத்தார். மூன்றிலும் ஒரே வாசகம். தாயார் கவலைக்கிடம், உடனே புறப்படவும்.

கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று லீவு கேட்டால் அந்தக் காலத்தில் பட்டாளமே சிரிக்கும். அம்மா சாகக் கிடக்கிறாள் என்றால் எவனும் மறுபேச்சு பேச மாட்டான். ஊரிலிருந்து தந்தி அடிக்கச் சொல்லி எல்லோரும் அப்படித்தான் லீவு வாங்கினார்கள். கம்பெனி கிளார்க்கே சொல்லிக் கொடுத்தார். இவனும் வாங்கினான். ஒவ்வொரு தடவையும் நாள் கடந்துதான் திரும்பினான். மூன்றாவது தடவை வீட்டுக்குப் போலீஸ் விசாரிக்கப் போனது. அத்தை செத்து எட்டு வருஷம் ஆச்சே என்று அண்ணி வெகுளியாகச் சொல்லிவிட்டாள்.

செத்துப்போனவளைச் சாகக் கிடக்கிறாள் என்றவன் நீ, இப்போது பெண்டாட்டி செத்தாள் என்றால் நாங்கள் நம்ப வேண்டுமா என்றார் கர்னல்.

மேஜர்கள் சிரித்தார்கள்.

அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று பேரையும் மேசையோடு சேர்த்துக் கவிழ்த்துவிடலாம் போலிருந்தது. கைகளை முட்டியின்மேல் அழுத்தி வைத்துக்கொண்டான்.

மனுவை எழுதியது சுகப்பிரியா. ஆங்கிலத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல் மூன்று பக்கம். நான் பிறந்த நாற்பதாம் நாள் என் தாய் இறந்துவிட்டார் என்று இரண்டாம் பத்தியில் தேதியோடு எழுதியிருந்தாள்.

அவளுக்குத் தெரிந்தது அதுதான். அவன் சொல்லி வளர்த்ததும் அதுதான். வருஷா வருஷம் அந்தத் தேதியில் கல்யாணப் போட்டோவிலிருந்து வெட்டி எடுத்த அம்மா படத்துக்கு மாலை போட்டு, வடை பாயசத்தோடு படைப்பார்கள்.

என்ன எழுதியிருக்கிறாய் என்று கேட்காமலே அவள் பெயருக்குக் கீழே அவனும் கையெழுத்துப் போட்டுவிட்டான். மகள் இங்கிலீஷில் எழுதுகிறாள் என்கிற பெருமை கண்ணை மறைத்துவிட்டது.

கர்னல் மனுவை மூடப் போனார்.

அவன் முதுகை நிமிர்த்திக்கொண்டு இந்தியில் சொன்னான். அவள் சாகவில்லை, சார். குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டு வேறொருவனோடு போய்விட்டாள். இப்போது ஓசூரில் இருக்கிறாள்.

பைக்குள்ளிருந்து ஒட்டிய கவர் ஒன்றை எடுத்தான். விவாகரத்துத் தீர்ப்பின் நகல். கவரைப் பிரித்து, எழுத்து மகள் கண்ணில் படாதபடி கவிழ்த்து நீட்டினான்.

பத்தொன்பது வருஷத்தில் கோர்ட்டுக்கு வெளியே அதை அவன் வாய்விட்டுச் சொன்னது அன்றைக்குத்தான். சுகப்பிரியா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா இவ்வளவு சரளமாக இந்தி பேசி அவள் கேட்டதில்லை. லேசாகச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பை அவனால் தாங்க முடியவில்லை.

கர்னல் தீர்ப்பைப் படித்தார். முகம் இளகவில்லை. இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், இது காரணம்தான் என்றார். ஆனால் மனுவில் பொய் இருக்கும்வரை கோப்பு நகராது. எழுதிய கைதான் திருத்த வேண்டும்.

கிளார்க்கை விட்டுத் திருத்தச் சொல்லுங்கள், சார் என்றான்.

என் கிளார்க் உன் வேலைக்காரன் இல்லை.

குழந்தைக்குத் தெரியாது, சார்.

அது ராணுவத்தின் பிரச்சினை இல்லை என்றார் கர்னல். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், கைக்குழந்தைக்கு ஆளில்லை என்றபோது இன்னொரு கர்னலும் இதையேதான் சொன்னார்.

மனுவைச் சுகப்பிரியாவின் பக்கம் தள்ளினார். இரண்டாம் பத்தியில் விரலை வைத்து, இந்த வரி தவறு, அப்பாவைக் கேட்டுத் திருத்து என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

அவள் பேனாவைத் திறந்தாள். வரியைப் படித்தாள். அவன் பக்கம் திரும்பினாள்.

"தேதி தப்பாப் போட்டுட்டனாப்பா?"

அவன் எழுந்துவிட்டான்.

"வாம்மா, போலாம்."

அவள் ஒன்றும் புரியாமல் பேனாவை மூடினாள். பையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள். யாரும் தடுக்கவில்லை. அடுத்த ஆளைக் கூப்பிடு என்றார் ஒரு மேஜர்.

கதவில் கை வைத்துக்கொண்டு நின்றான்.

வெளியே போனால் ரயில். ரயிலுக்கு அப்புறம் வெள்ளிக்கிழமை. அதற்கப்புறம் இந்த இடம் வேறு யாருடைய பிள்ளைக்கோ.

திரும்பி வந்தான். மேசைக்கு முதுகைக் காட்டி, நாற்காலியை அவள் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அவளையும் உட்காரச் சொன்னான்.

"தேதி சரிதாம்மா" என்றான்.