பதினேழாவது மேசை

ரொபேர் என் மகள் ஐரேனின் கிளாஸைப் பிடுங்கி, அதில் இருந்ததை ஐஸ் வாளியில் கொட்டினார்.

பதினேழாவது மேசை. இன்னும் ஐந்து பாக்கி.

கொட்டியது என் கைச்சரக்கு. டலாட் மலையிலிருந்து இருபது கிலோ மல்பெரி வரவழைத்து, மிளகும் கிராம்பும் தட்டிப் போட்டு, சுண்டக் காய்ச்சி, துவர்ப்புக்குக் கடுந்தேயிலை டிகாஷன் சேர்த்து, கார்க் அடைத்துக் குளிர்பெட்டியில் படுக்க வைத்தது. போதை என்று ஒரு சொட்டு கிடையாது.

முதல் பத்து தடவை இருமல் மருந்து மாதிரி வந்தது. பதினோராவது தடவைதான் நாக்கின் ஓரத்தைப் பிடித்து, நிதானமாக இறங்கி, கடைசியில் தொண்டையில் ஒரு மிளகுச் சூட்டை விட்டுவிட்டுப் போனது. அன்று நானும் ஐரேனும் ஆளுக்கு இரண்டு கிளாஸ் குடித்தோம்.

அதைத்தான் ஐஸ் வாளியில் கொட்டினார், மாப்பிள்ளையின் பெரியப்பா.

எனக்கு மண்டை கொதித்தது.

இந்த ஊர்க் கல்யாண விருந்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் மேசை மேசையாகப் போக வேண்டும். ஒவ்வொரு மேசையும் எழுந்து நிற்கும். "மொட், ஹாய், பா, யோ!" என்று ஒன்று, இரண்டு, மூன்று எண்ணிக் கத்தும். கத்தி முடித்ததும் கிளாஸ் காலியாக வேண்டும், நூற்றுக்கு நூறு. மூன்று தலைமுறையாக சைகோனில் இருக்கிற புதுச்சேரிக்காரர்கள் நாங்கள். தமிழில் பாதி போய்விட்டது. இந்தச் சனியன் மட்டும் சுத்தமாக வந்து ஒட்டிக்கொண்டது.

கல்யாணத்தோடு போகிறதா? ஐரேன் வேலை பார்த்த டான் சோன் நாட் விமான நிலையச் சரக்கு ஆபீசிலும் இதே கூத்துதான். வாடிக்கையாளரின் கிளாஸ் கவிழாமல் ஒரு காகிதம் நகராது. கூடப் போகிற பெண்ணும் கவிழ்க்க வேண்டும். மத்தியானம் ஒரு தரம், சாயந்திரம் ஒரு தரம். இந்த வழக்கத்தைக் கண்டுபிடித்தவன் என் கையில் கிடைத்தால் அவனைப் பாட்டிலுக்குள் போட்டுக் கார்க் அடைப்பேன்.

விருந்து தொடங்கும்போதே மைக்கைப் பிடித்து அறிவித்திருந்தேன். நான் பெருங்குடிகாரன். விட்டு எட்டு மாதம். இனி ஒரு சொட்டு உள்ளே போனாலும் எட்டு மாதமும் பாழ், அப்புறம் நிறுத்த முடியாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அப்பனுக்குத் துணையாக இன்று என் மகளும் இந்தப் பாட்டிலில் இருப்பதைத்தான் குடிப்பாள்.

ஜனம் கை தட்டியது.

பாட்டிலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மணமக்கள் பின்னாலேயே போனேன். யாராவது முகம் சுளித்தால் ஒரு கதை. எழுபத்தொன்பதில் போதையில் சைக்ளோ ரிக்ஷாவை ஆற்றுக்குள் விட்டு மறு கரையில் ஏறினேன், பயணி நனையவில்லை. எண்பத்து மூன்றில் ரேஷன் ஸ்பிரிட்டைக் குடித்துவிட்டு மூன்று நாள் தும்மியே அடுப்புப் பற்றவைத்தேன். பாம்பு ஊறிய சாராய ஜாடி ஒன்றை நான் காலி செய்தபோது, பாம்பு போதை தெளிந்து எழுந்து வீட்டுக்குப் போய்விட்டது.

பதினாறு மேசை சிரித்தது.

ரொபேர் சிரிக்கவில்லை. எழுபத்தைந்தில் ஊர் கைமாறியபோது பிளேன் ஏறிப் பாரீசுக்குப் போனவர். இந்தக் கல்யாணத்துக்கென்று பொர்தோ ஒயினைக் குழந்தை மாதிரி துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

"குடிகாரர் நீங்கதானே முசியே? பொண்ணுக்கு என்ன கேடு? எங்க வூட்டுக்கு வர்ற பொண்ணு, எங்க பாட்டில்ல ஒரு கிளாஸ் குடிக்கட்டும்!"

மாப்பிள்ளை வாயைத் திறந்தான். பெரியப்பா கையைத் தூக்கினார். மூடிக்கொண்டான்.

ஒயின் விளிம்பு வரை ஏறியது. கிளாஸை ஐரேன் கையில் திணித்தார். மேசை எழுந்து எண்ண ஆரம்பித்தது. ஐரேன் கிளாஸுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். என் பக்கம் திரும்பவேயில்லை.

மொட். ஹாய்.

மூன்றுக்கு முன்னால் அந்தக் கிளாஸைப் பறித்து, ஒரே மூச்சில் என் வாயில் கவிழ்த்தேன். நூற்றுக்கு நூறு.

எண்ணிக்கை இரண்டோடு நின்றது. எதிரில் நின்ற மாப்பிள்ளை வீட்டு மாரி-ரோஸ் அம்மா சிலுவை போட்டுக்கொண்டார். ரொபேர் முகத்தில் ரத்தமே இல்லை.

"ஐயோ, எட்டு மாசம் போச்சே! என்னாலதானே போச்சு முசியே!"

என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். அழட்டும் என்று விட்டுவிட்டேன். எனக்குக் கோபம் ஆறவில்லை. வாயில் இருந்த புளிப்பில் இன்னும் ஏறியது. இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்? என் மல்பெரியின் கால் தூசி பெறாது.

எழுபத்தொரு வயதில் நான் குடித்த முதல் மது அதுதான். கோயில் பூசையில்கூடத் திராட்சை ரசம் சாமியாருக்கு, எனக்கு அப்பம் மட்டும். என்னைச் சின்ன வயதிலிருந்து அறிந்தவன் எவனும் இந்த ஊரில் மிச்சமில்லை, அது ஒரு வசதி. குடியை விட்ட அந்த எட்டு மாதம் யாருடையது என்று மாப்பிள்ளைக்குத் தெரியும். அவன் வீட்டில் மற்றவர்களுக்குத் தெரியாது.

ஐரேன் மேசையிலிருந்து புதுக் கிளாஸ் ஒன்றை எடுத்தாள். என் கக்கத்திலிருந்த பாட்டிலை உருவித் தானே ஊற்றிக்கொண்டாள்.

அந்த எட்டு மாதம், வெள்ளை கவுனை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பதினெட்டாவது மேசைக்கு நடந்து போனது.